சில்லுகளின் போட்டி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில்லு என்றதும் முன்வரிசையிலிருக்கும் பெரியவர்கள் சைக்கிள் சில்லை நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது கணினிக்குள் இருந்து கணக்குப் பார்க்கும் சிறு சில்லைப் பற்றியாகும். 1971ஆம் ஆண்டில் இன்ரெல் கம்பனி வெளியிட்ட அத்தகைய முதற் சில்லில் ஏறக்குறைய 2300 திரான்சிஸ்ரர்கள் இருந்தன. இன்று நகமளவான சில்லொன்றில் ஆயிரங் கோடிக்கு மேல் அடங்குகின்றன. இவ்வளர்ச்சிக்கு விஞ்ஞானிகளின் மூளை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் வியாபாரப் போட்டியும் என்பேன்.

போட்டி இன்னதென்று காரைநகராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்னிலங்கைப் பட்டினங்களில் எதிரெதிரே கடை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் நம் பாட்டன்மார். அமெரிக்காவில் இன்ரெல் 1968இலும் ஏ.எம்.டி. 1969இலும் தோன்றின. இரண்டையும் தொடங்கியோர் முன்பு பெயர்சைல்ட் என்னும் ஒரே கம்பனியில் வேலை பார்த்தவர்களே. 1981இல் வெளியிட்ட கணினிக்கு இன்ரெல்லின் சில்லைத் தெரிந்தெடுத்த ஐ.பி.எம்., ஒரே கடையில் மட்டும் வாங்கோம் என்று பிடிவாதமாய் நின்றது. ஆகவே 1982இல், தன் சில்லைச் செய்யும் உரிமையை இன்ரெல் ஏ.எம்.டி.க்கும் கொடுக்க நேர்ந்தது. வாங்குபவனின் கெட்டித்தனம் அது! பின்னர் 386 என்னும் சில்லின் இரகசியத்தைக் கொடுக்க இன்ரெல் மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஏ.எம்.டி.யோ 1991இல் தானே ஒரு 386ஐச் செய்து விற்றது. வெறும் இலக்கத்துக்கு உரிமை கொண்டாட முடியாதென நீதிமன்றம் கூறிவிடவே, இன்ரெல் தன் அடுத்த சில்லுக்கு 1993இல் பென்ரியம் என்று பெயர் சூட்டியது.

அந்தப் பென்ரியத்தை ஆக்கிய குழுவை நடத்தியவர்களுள் ஒருவர் பூனாவிற் பிறந்த வினோத் தாம். 1995இல் அவர் இன்ரெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு கம்பனிக்குப் போனார். அக்கம்பனியை ஏ.எம்.டி. வாங்கிற்று. அதன் பயனாக 1997இல் வந்த கே6 சில்லு, பென்ரியம் இருந்த அதே பீடத்திற் பொருந்தியது, விலையோ குறைவு.

இதற்கிடையில் இன்ரெல்லுக்கு ஓர் அவமானமும் நேர்ந்தது. 1994இல் வேர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, பென்ரியம் சில பிரித்தற் கணக்குகளைப் பிழையாகச் செய்வதைக் கண்டுபிடித்தார். நான் படித்த மிஷன் பள்ளியில் பிரித்தல் பிழைத்தால் பத்து முறை எழுத வேண்டும். இன்ரெல்லோ, தேவை உண்டென்று காட்டுவோர்க்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. சனங்கள் கொதித்தெழுந்த பின்னரே, கேட்டவர்க்கெல்லாம் மாற்றிக் கொடுக்க ஒப்பிற்று. செலவு 47.5 கோடி டொலர். நிறை குறைந்ததென்று கொண்டுவந்த சாமானை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்த நம்மவர் எவரும் இவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கலாம்.

2003இல் ஏ.எம்.டி. வெளியிட்ட 64 பிற் சில்லின் கட்டளைத் தொகுதியை, மறு ஆண்டே இன்ரெல்லும் ஏற்றுக்கொண்டது. ஆசிரியன் மாணாக்கனிடம் படித்த கதை அது.

ஆயினும் இப்போட்டியில் எனக்கொரு மனக்குறை உண்டு. அக்கட்டளைத் தொகுதி வேலியடைத்த காணி. உரிமையில்லாத மூன்றாமவர் உள்ளே கால் வைக்க முடியாது. 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லி சர்வகலாசாலையார் ரிஸ்க்-வி என்னும் தொகுதியைத் தொடங்கி, எவரும் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டனர். அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.ரி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் சக்தி என்னும் சில்லை வகுத்தனர். 2018இல் அவர்களின் சில்லொன்று உருவானது அமெரிக்காவில், இன்ரெல்லின் ஆலையிலேதான்! அதே ஆண்டில் இன்னொன்று சண்டிகரை அடுத்துள்ள இந்திய அரசாங்க ஆலையில் உருவானது. அதற்குக் கையாண்ட முறை பழையது. மெல்லிய கோடுகள் அதில் வரமாட்டா. எனினும் என் மனம் கவர்ந்தது சண்டிகர்ச் சில்லே.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, தம்பி" என்று சென்ற விடுமுறையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. சக்தியின் வரைவுகள் இணையத்தில் எவரும் பார்க்கத் திறந்தே இருக்கின்றன என்பதை அவருக்கு இன்று சொல்கிறேன்.

இதோ, இந்த மேசையில் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய ஒரு பென்ரியமும் ஒரு கே6உம் இருக்கின்றன. கூட்டம் முடிந்தபின் யாவரும் எடுத்துப் பார்க்கலாம். அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும், ஓரத்திலே பிடியுங்கள்.