விசாரித்தல் என்னும் ஊழியம்



தேவையுள்ள சிறுவருக்கு உதவுவதில் கிறிஸ்தவர்களின் பொறுப்பு என்ன என்பது இந்த அவையில் நமக்குத் தந்திருக்கும் பொருள். 'தேவையுள்ள சிறுவர்' என்றதும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைதான் நம் மனதில் வரும். இந்தத் திருகோணமலை மாவட்டத்தைத் தெரிந்தவர்கள் அவ்வளவோடு நிற்க முடியாது. 2006இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு ஓடிய குடும்பங்களில் பல, காணி திரும்பக் கிடைக்கும்வரை ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் மணற்சேனையிலும் முகாம்களில் இருந்தன. முகாமில் பிறந்து முகாமிலிருந்தே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளைகளுக்குத் தாயும் இருந்தாள், தகப்பனும் இருந்தான். வீடு இல்லை, கிணறு இல்லை, தகப்பனுக்குத் தொழில் செய்யக் கடல் இல்லை. திக்கற்ற பிள்ளைகள் என்ற பட்டியலில் அவர்கள் எந்த இடத்தில் வருவார்கள்?

யாக்கோபின் நிருபம், முதலாம் அதிகாரம், 27ஆம் வசனம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்லும் அந்த வசனம் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம், வாசித்துக் காட்டத் தேவையில்லை. தமிழ் வேதாகமத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள்: விசாரித்தல். ஊட்டுதல், வளர்த்தல், தங்கவைத்தல் என்ற எதுவும் அங்கே இல்லை. கிரேக்கத்திலும் அந்தச் சொல் நேரில் போய்ப் பார்த்து நலம் அறிவதைத்தான் குறிக்கிறது. நாம் ஆயர், பேராயர் என்று அழைக்கும் பதவியின் கிரேக்கப் பெயரும் அதே வேரில் பிறந்தது. விசாரிக்கிறவர்தான் நடந்து போக வேண்டும். பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கலாம்.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனவை' என்ற ஒரு வரியோடு கதை முடிந்துபோன வீடுகள் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி எத்தனை! வாசலில் நின்று அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று தாங்களே பிள்ளை பெற்றவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் படலையைத் திறந்து 'உங்களை விசாரிக்க வந்தனான்' என்றால் இன்றைக்கும் அவர்களுக்கு நெஞ்சு பதறும். அந்தச் சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டுக் கொடுப்பது திருச்சபையின் வேலை என்று நான் நம்புகிறேன்.

நமது முன்னோர் செய்ததைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மெதடிஸ்த மிஷனரிமாரும் இயேசு சபைக் குருமாரும் அருட்சகோதரிகளும் இங்கே பள்ளிக்கூடங்களையும் விடுதிகளையும் கட்டினார்கள். அவற்றில் படித்து உருவான குடும்பங்கள் மதபேதமில்லாமல் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. யுத்த காலத்தில் சிறுவர் இல்லங்கள் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்தன. பிள்ளையை ஆயுத இயக்கத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் இல்லத்தின் கதவைத் தட்டிய தாய்மாரும் உண்டு. அந்தக் கதவு திறந்ததால் உயிரோடிருக்கிறவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

ஆனாலும் வரலாற்றில் ஓர் உறுத்தல் இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், விடுதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளர் குறிக்கும் பெயர்களைச் சூட்டியது. பணம் அனுப்புகிறவர் பெயரைத் தெரிவு செய்வார், இங்கே ஒரு பிள்ளை அந்தப் பெயரோடு வளரும். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஆர்னல்ட் நிற்பதும், விசுவநாதபிள்ளைக்கு முன்னால் கறல் நிற்பதும் இந்த வழக்கத்தின் தடம். அந்தக் கல்வி தமிழுக்குப் பேரறிஞர்களைத் தந்தது, அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். இருந்தும், சோறும் எழுத்தும் கொடுக்கிற கை பிள்ளையின் பெயரையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளாக நம் வாசலில் நிற்கிறது. இன்று யாரும் பெயரை மாற்றுவதில்லை. கொடையாளர்கள் பிள்ளையின் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போயிருந்தேன். அன்று பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு. அலுவலக மேசையில் சேர்வுப் பதிவேடு திறந்து கிடந்தது. 'சேர்த்த காரணம்' என்ற கட்டத்தில் வரிசையாக இப்படி எழுதியிருந்தார்கள்: வறுமை, தாய் வெளிநாடு, வறுமை, பாடசாலை தூரம், தகப்பன் மறுமணம், வறுமை. தாய் தகப்பன் இருவரும் இறந்த பிள்ளை அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். வெளியே வேப்பமரத்தடியில் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த தாய் ஒருத்தி, அவித்த மரவள்ளிக்கிழங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடைய வெள்ளைச் சேட்டின் கிழிந்த கழுத்துப்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியும் நூலும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியும் தையலை முடிக்காமல் எழும்பவில்லை. போகும்போது என்னிடம் சொன்னாள்: "அரிசிக்கு ஒரு வழி இருந்தா நானே வச்சுப் பாத்திருப்பன் ஐயா."

இல்லப் பொறுப்பாளரிடம் அதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கண் கலங்கினார். கொடையாளர் அனுப்பும் படிவத்தில் இல்லத்துப் பிள்ளைகளின் தொகையை எழுதத்தான் இடம் இருக்கிறது, வீட்டில் இருக்கும் தாய்க்குக் கொடுத்ததை எழுத இடமே இல்லை என்றார். நானும் அப்போது தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் படிவத்தை மாற்றச் சொல்லி ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

நான் பார்த்த பதிவேடு விதிவிலக்கு அல்ல. 2005இல் சேவ் த சில்ரன் இலங்கையின் சிறுவர் இல்லங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: அங்கே இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், பிரித்தது வறுமை. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் வழிகாட்டி நெறிகளை ஏற்றது. நமக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழும்பியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அரசு மகவேற்பை நிறுத்தி வைத்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்தது. அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டவர்கள் யார்? அம்மம்மா, பெரியம்மா, மாமி, சித்தப்பா. கூரையில்லாமல் கூடாரத்தில் இருந்தவர்கள்தான் இன்னொரு பாயை விரித்தார்கள். நம் சனத்துக்கு உறவு தாங்கும் பலம் இருக்கிறது. அந்தக் கைக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுத்தாலே போதும்.

அந்த முட்டுக் கிடைக்காத ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். மூதூர் சாபி நகரைச் சேர்ந்த றிசானா நபீக். பிறப்புச் சான்றிதழின்படி அவள் பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. விறகு வெட்டிப் பிழைத்த குடும்பத்தின் மூத்த பிள்ளை, தம்பி தங்கைகளின் படிப்புக்காக 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன சில கிழமைகளிலேயே, அவள் பராமரிப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டினார்கள், 2007இல் மரண தண்டனை விதித்தார்கள், 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டுகளெல்லாம் உலகம் முழுவதும் அவளுக்காக மன்றாடியது. செபித்த கிறிஸ்தவர்களும் பலர். ஆனால் அவள் சிறைக்குப் போவதற்கு முன்பு, பதினேழு வயதில் வறுமையோடு அந்த வீட்டில் இருந்தபோது, கொட்டியாரக் குடாவுக்கு இக்கரையில் இருந்த நாம் அந்தப் பிள்ளையை விசாரித்தோமா? அவள் முஸ்லிம் பிள்ளை, அது அவர்களுடைய ஊர் என்று இருந்தோம். நல்ல சமாரியனின் உவமையை வருடந்தோறும் பிரசங்கிக்கிற நாம் குடாவைத் தாண்டவில்லை.

இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். உதவி தேவைப்படும் பிள்ளை பெரும்பாலும் வேறு மதத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே கொடுக்கிற கொப்பிக்கும் சப்பாத்துக்கும் விலையாக ஞாயிறு பாடசாலை வருகையைக் கேட்கக்கூடாது. கேட்டால் அது ஊழியம் அல்ல, வியாபாரம். கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளை கோணேசர் கோயிலுக்குப் போகட்டும். பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை அங்கே போகட்டும்.

இல்லங்களை நாளைக்கே மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீடே ஆபத்தான பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கதவுக்கு உள்ளேயும் ஆபத்து நுழையலாம் என்பதை மறக்கக்கூடாது. போதகரோ, குருவோ, விடுதி மேற்பார்வையாளரோ, யார் மேல் முறைப்பாடு வந்தாலும் சபைக்குள் பேசித் தீர்க்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. சபையின் மானம் என்று சொல்லிப் பிள்ளையின் வாயை மூடுவது பாவம். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

இங்கே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்ற கணக்கோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், திரும்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் நிலைத்தார்களா, அந்தத் தாய்க்கு யார் கை கொடுத்தார்கள் என்பதையும் தேடி எழுதுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர்களும் பிரதேச செயலகங்களின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களோடு மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மேடையில் வராத செய்தி அங்கே கிடைக்கும்.

சபைகளிடம் கேட்பது இன்னும் எளிது. இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரிடம், இந்தக் கிழமை வரவு இடாப்பில் எந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். படிவமும் கமராவும் வேண்டாம். ஒரு கிலோ அரிசியோடு அந்த வீட்டுப் படலை வரைக்கும் நடந்து போங்கள்.