பெயர் மட்டும் கிங்ஸ்பரி

லண்டனின் கிங்ஸ்பரிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நம்மில் பலர். அந்த ஊரில் ஒரு காலத்தில் கார் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா?

பெல்ஜியத்திலிருந்து வந்த பெயர், வாண்டன் பிளாஸ். 1923-இல் கிங்ஸ்பரியில் பட்டறை போட்டார்கள். அடிச்சட்டமும் எஞ்சினும் வேறு கம்பெனியிலிருந்து வரும். மேல்கூடு கட்டுவது இவர்கள் வேலை. நூற்றுக்கணக்கான பென்ட்லி கார்கள் இவர்கள் கையில் உருவம் பெற்றன. 1946-இல் ஆஸ்டின் கம்பெனி இதை வாங்கியது. 1960களில் 1100 என்ற சின்னக் குடும்பக் காருக்குள் வால்நட் பலகை, தோல் இருக்கை, பின்னால் இருப்பவர்களுக்கு மடக்கு மேசை என்று மாளிகைச் சொகுசையே கொண்டுவந்துவிட்டார்கள்.

1979-இல் அந்தப் பட்டறை மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, அதற்குள் அதன் உரிமையாளராகிவிட்ட பிரிட்டிஷ் லேலண்ட் ஹோண்டாவோடு ஒப்பந்தம் போட்டது. லேலண்டுக்கு உடனே ஒரு புது வண்டி வேண்டும்; உருவாக்கப் பணமில்லை. ஹோண்டாவிடம் வண்டி இருந்தது. ஆனால் ஜப்பானியக் கார்கள் பிரிட்டிஷ் சந்தையில் சுமார் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று இரு நாட்டுக் கார்த் தொழில்துறையினருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. ஒருவர் குறை மற்றவர் வரவானது.

ஹோண்டாவின் பலாட் கார் 1981-இல் ஆக்ஸ்ஃபோர்டின் கவுலி ஆலையில் ‘ட்ரையம்ஃப் அக்ளெய்ம்’ ஆனது. 1984-இல் அதன் இடத்துக்கு வந்தது ரோவர் 200. பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் செய்தார்கள். 213 என்றால் ஹோண்டாவின் 1.3 லிட்டர் எஞ்சின்; 216 என்றால் பிரிட்டிஷ் 1.6 லிட்டர். விலை கூடிய வகைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? வாண்டன் பிளாஸ்!

பூர்வீக வீட்டை விற்ற பிறகும் ஊர்ப்பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அது பாசம். இது வியாபாரம்: பெயருக்கு விலை உண்டு, அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளுக்கு இல்லை என்று போட்ட கணக்கு.

பழைய கார்க் கண்காட்சியில் அந்த ரோவரைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். பிறவி ஜப்பான், வளர்ப்பு லாங்பிரிட்ஜ். பெயர் மட்டும் கிங்ஸ்பரி வழி வந்தது.