ஆங்கிலமும் நமது துறைமுகமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோணேசப் பெருமானின் திருவடிகளை வணங்கி எமது உரையைத் தொடங்குகின்றோம். இந்து இளைஞர் மன்றத்தின் விழாவிலே சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள், ஆங்கில மொழியின் கதையைப் பேசப்போகின்றோம் என்றதும் சற்றே முகம் சுளித்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். ‘இந்து’ என்னும் சொல்லே சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் தம் நாவிற்கேற்ப ஒலித்ததனாற் பிறந்தது. பிறர் நாவிலே உருமாறிய ஒரு சொல்லை நாம் நமது மன்றத்தின் பெயர்ப்பலகையிலேயே தாங்கி நிற்கின்றோம். ஆகவே இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணமும் உண்டு. இளைஞர்கள் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுகின்றனர். பெரியோர்களோ, “எங்கள் காலத்து ஆங்கிலம் இப்போது எங்கே?” என்று இளைஞர்களைக் கடிந்துகொள்கின்றனர். இவ்வச்சமும் இக்கடிதலும் அம்மொழியின் வரலாற்றை அறியாமையினால் வந்தவை என்பதே எமது எண்ணம்.

எமது பள்ளி நாளில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஒரு மாணவன் எழுத்துக் கூட்டிக் ‘கினைஃப்’ என்று வாசித்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆசிரியர் அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினார். அன்றிலிருந்து அவன் ஆங்கில வகுப்பில் வாய் திறந்ததை நாம் கண்டதில்லை. பல ஆண்டுகள் சென்றபின்னரே ஓர் உண்மையை அறிந்தோம். அந்தச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘கே’ வீணாக எழுதப்பட்டதன்று. 14ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த சோசர் என்னும் ஆங்கிலப் பெருங்கவிஞர் காலத்தில் அது வாயால் ஒலிக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டளவிலேதான் அது தேய்ந்து மறையத் தொடங்கியது. ஒலி போயிற்று, எழுத்து நின்றது. அந்த மாணவன் செய்த பிழை யாது? சில நூற்றாண்டுகள் தாமதித்துப் பிறந்தமை ஒன்றே.

அந்த ஊமை எழுத்தைத் தன் பெயரிலேயே சுமந்த ஒருவர் நமது கொட்டியாரக் குடாவிற்கு வந்திருக்கின்றார். அவரே றொபேட் நொக்ஸ். புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல், புதிய பாய்மரம் அமைப்பதற்காகக் கொட்டியாரத்தை அடைந்தது. 1660ஆம் ஆண்டில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகனாகிய இளைஞர் நொக்ஸையும், வேறு சிலரையும் சிறைப்பிடித்தனர். மூதூரிலே ஒரு புளியமரம் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று நெடுங்காலம் வழங்கப்பட்டதைப் பெரியோர் அறிவர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே கட்டுண்டு கிடந்தார். அக்காலத்தில் அவர் தொப்பி பின்னி விற்றுச் சீவனம் நடத்தினார். ஒருநாள் ஆங்கில விவிலிய நூல் ஒன்று விலைக்கு வந்தபோது, தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். தாய்மொழியில் ஒரு நூல் கிடைத்தபோது அவர் அடைந்த ஆனந்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல் இன்றும் படிக்கப்படுகின்றது. சிறைப்பட்டவர் மொழியாக நம் கரைக்கு வந்த ஆங்கிலம், 1795இற்குப் பின்னரே ஆள்வோர் மொழியாயிற்று.

இனி, அம்மொழியின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 5ஆம் நூற்றாண்டிலே வட கடலைக் கடந்து பிரித்தானியாவிற் குடியேறிய ஆங்கிலர், சாக்சனியர் முதலிய இனத்தாரின் பேச்சே பழைய ஆங்கிலம். பின்னர் வட நாட்டுக் கடலோடிகள் வந்து சூறையாடினர். பின் அங்கேயே குடியமர்ந்தனர். அவர்களிடமிருந்து ஆங்கிலம், ‘அவர்கள்’ என்பதைக் குறிக்கும் ‘தே’ என்னும் சுட்டுப்பெயரைக்கூட வாங்கிக்கொண்டது. சுட்டுப்பெயரையே கடன் வாங்கிய மொழி வேறு எதைத்தான் வாங்காது!

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. ஆங்கிலம் உழுபவன் மொழியாயிற்று. இதன் சுவடு இன்றும் உணவுப் பெயர்களிலே காணப்படுகின்றது. பட்டியில் நிற்கும் ஆடு ‘ஷீப்’. அது மேய்த்தவன் சொல். தட்டில் வந்த ஆடு ‘மட்டன்’. அது பிரெஞ்சிலிருந்து வந்த, உண்டவன் சொல். தன் நாட்டு நீதிமன்றத்திலேயே தன் மொழியில் வழக்குரைக்க இயலாமல் ஆங்கிலேயன் மூன்று நூற்றாண்டுகள் நின்றான். 1362இல்தான் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் பிறந்தது. வேடிக்கை யாதெனில், அச்சட்டமும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டது!

இளைஞர்களே, இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். இன்று உங்களை அச்சுறுத்தும் மொழி, ஒரு காலத்தில் தன் மண்ணிலேயே தாழ்த்தப்பட்டுக் கிடந்த மொழி. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தினால் நம்மவர் பட்ட துன்பத்தைப் பெரியோர்கள் அறிவர். தமிழும் ஓர் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டபோது, ஆங்கிலம் இணைப்பு மொழி எனப்பட்டது. சட்டம் ஒரு மொழிக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே சென்று அமரவேண்டியவர்கள் அம்மொழியைப் பேசுவோரே. சட்டம் வந்தபின் சோசர் போன்றோர் ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தனர். பிரெஞ்சுச் சொற்களை அவர்கள் துரத்தவில்லை, தமதாக்கிக்கொண்டனர்.

எழுத்துக் குழப்பத்திற்குக் காரணம் யாது? 1476இல் கக்ஸ்ரன் என்பார் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அச்சு எழுத்தை நிலைநிறுத்திய அதே காலத்தில் உயிரொலிகள் பெரிதும் மாறிக்கொண்டிருந்தன. வாய் முன்னே நடந்தது. எழுத்து பின்னே நின்றுவிட்டது. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ற்’ என்னும் சொல்லில் ‘எச்’ புகுந்தது, பிளெமிய நாட்டு அச்சுப் பழக்கத்தினால் என்பர். புலவர்களும் தம் பங்கிற்கு விளையாடினர். கடனைக் குறிக்கும் ‘டெற்’ என்னும் சொல்லில், இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக ஒலியாத ‘பீ’ எழுத்தைப் புகுத்தினர். தீவைக் குறிக்கும் ‘ஐலன்ட்’ என்னும் சொல்லில், இலத்தீனோடு உறவு உண்டெனத் தவறாகக் கருதி ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்தனர். உண்மையில் அது பழைய ஆங்கிலச் சொல். அந்த எழுத்திற்கு அங்கே வேலையே இல்லை. புலவர் செய்த பிழைக்கு நமது பிள்ளைகள் இன்றும் பரீட்சையிற் புள்ளி இழக்கின்றனர்!

நிற்க. நமது துறைமுகத்திலிருந்து ஆங்கிலம் பெற்றவற்றையும் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘கற்றமரான்’ என வழங்குவது நமது கட்டுமரமே. வில்லியம் டம்பியர் என்னும் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் அச்சொல்லை எழுதியிருக்கின்றார். ஆனால் இன்று ஆங்கிலேயன் அச்சொல்லால் இரண்டு உடல்களை இணைத்த படகைக் குறிக்கின்றான். மரங்களைச் சேர்த்துக் கட்டும் நமது மீனவன் கண்டால் நகைப்பான். சுருட்டு ‘ஷெரூட்’ ஆயிற்று. கறி ‘கறி’யாகவே நின்றது. மிளகுத்தண்ணீர் ‘மலிகற்றானி’ என்னும் சூப்பாகி விருந்து மேசைக்கு ஏறிற்று. திருக்கோணமலை, போர்த்துக்கேயர் வாயிலும் பிறர் வாயிலும் பட்டு ‘றிங்கோமலி’ ஆயிற்று. மாலுமிகள் அதனையும் குறுக்கி ‘றிங்கோ’ என்றனர். இங்குள்ள ஒரு மேட்டை ஆங்கிலத்தில் ‘ஓர்ஸ் ஹில்’ என்பர்; தமிழில் உவர்மலை என்கின்றோம். இரு மொழியாரின் செவியும் தத்தம் வழியே கேட்டுக்கொண்டதை இங்கே காண்கின்றோம்.

1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பற்கட்டும் தளத்திலே ஆங்கிலக் கடற்படைக்காக ஒரு போர்க்கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதன் பெயர் ‘றிங்கோமலி’. இங்கிலாந்தின் ஹாட்ல்பூல் துறையில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கின்றது. அக்கப்பல் தேக்கு மரத்தாலானது. அம்மரத்தின் ஆங்கிலப் பெயராகிய ‘ரீக்’ என்பதும் தேக்கு என்னும் நம் சொல்லின் வழி வந்ததே. ஊரின் பெயரும் மரத்தின் பெயரும் நம்முடையவை. கொடி மட்டும் அவர்களுடையது.

பெருமை பேசும்போது உண்மையையும் காக்கவேண்டும். ‘காஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் காசு என்பதிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறித்த ‘காஷ்’ நம் காசே. ஆனால் கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ‘காஷ்’ பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ‘வன்’ என்பதும் ஒன்று என்பதும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. பிறர் பொருளை நம்முடையதென்பது பக்தியுமன்று, தமிழ்ப்பற்றுமன்று.

பெருமைக்குரியன அல்லாத சொற்களும் நம்மிடமிருந்து சென்றிருக்கின்றன. பூரி ஜகந்நாதரின் தேர், அயல்நாட்டார் எழுதிய அச்சக் கதைகளினால் ‘ஜகர்னோட்’ ஆகி, எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கும் பெருஞ்சக்தியைக் குறிக்கின்றது. அது கேட்டு நாம் வருந்துகின்றோம். அவர்கள் அறியாமையால் எழுதினர் என்கின்றோம். ஆனால் ‘பறையா’ என்னும் சொல்லுக்கு யாரை நோவது? பறை முழக்கிய ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர், ஆங்கிலத்திலே ‘யாவராலும் ஒதுக்கப்பட்டவன்’ என்னும் பொருளில் உலகெங்கும் வழங்குகின்றது. அந்தப் பொருளை ஆங்கிலேயன் கற்பனை செய்யவில்லை. நம் வீதிகளிலே கண்டதைத்தான் எழுதிக்கொண்டான். ஆங்கில அகராதியில் நமது சொற்களை எண்ணி மகிழும் மன்றம், அந்த ஒரு சொல்லின் முன்னே தலைகுனிந்து நிற்கவேண்டும். சொல்லை அகராதியிலிருந்து நீக்குவது நம் கையில் இல்லை. அச்சொல்லை நாவிலிருந்தும், அதனைப் பிறப்பித்த எண்ணத்தை நெஞ்சிலிருந்தும், கோயில் வாயிலிலிருந்தும் நீக்குவது நம் கையிலேயே உண்டு.

நாமும் குறைவாக வாங்கவில்லை. அந்த மாணவனை ஏற்றி நிறுத்திய வாங்கு போர்த்துக்கேயச் சொல். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, பாண், சப்பாத்து யாவும் அவர்கள் தந்தவை. கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை. இவற்றால் தமிழ் அழிந்துவிடவில்லை. வேற்றுச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஏற்பதற்குத் தொல்காப்பியமே விதி வகுத்திருக்கின்றது. அவ்வழியிலே 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி, ஐரோப்பியப் பழங்கதையொன்றின் நாயகர்களான ஓர்சனையும் வலன்ரைனையும் ‘ஊசோன், பாலந்தை’ என்று தமிழாக்கினார். திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ என்று அழைத்தார். 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே அவர்தம் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கினார். அச்சமும் அடிமைத்தனமும் அற்ற கல்வி அதுவேயாம்.

ஆகவே இம்மன்றத்தினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஆங்கிலம் அறிந்த பெரியோர்கள் வாரம் ஒரு மாலையேனும் இளைஞர்களுடன் அமர்ந்து பேசுங்கள். பிழையைத் திருத்துங்கள், ஆனால் சிரிக்காதீர்கள். இரண்டாவது, இளைஞர்களே, கரையிலுள்ள முதியவர்களிடம் சென்று படகு, வலை, காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒக்ஸ்போட் பேரகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்து, 1928இல் அப்பணி நிறைவெய்தியது. எண்ணற்ற வாசகர்கள் துண்டுத்தாள்களில் எழுதி அனுப்பிய மேற்கோள்களே அதற்கு அடிப்படை. நம் கரைச் சொற்களுக்கு நாம் ஒரு குறிப்பேடேனும் வைத்திருக்கவேண்டாமா? மூன்றாவது, ஆங்கிலத்திற் கற்றதை ஊரார்க்குத் தமிழிற் சொல்லுங்கள். சொல்லாத கல்வி ‘நைஃப்’ என்பதன் முதலெழுத்தைப் போன்றது. இடம் பிடித்திருக்கும், ஒலிக்காது.

வாங்கின்மேல் நின்ற அந்த மாணவனிடம் நாம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு வரவில்லை. அவன் போன்ற ஒருவன் இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் இன்று அமர்ந்திருக்கக்கூடும். அவனுக்கு நாம் கூறுவது இதுவே: தம்பி, எழுந்து வாசி. பிழைத்தாலும் வாசி. அம்மொழியே பிழைத்துப் பிழைத்து வளர்ந்ததுதான்.

கோணேசப் பெருமானும் மாதுமை அம்மையும் அனைவர்க்கும் அருள்புரிவார்களாக.