உயர்திணை மாந்தர்



சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் ஏப்ரல் 15ஆம் திகதி, தமிழ்நாட்டிலே திருநங்கையர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. 2008ஆம் ஆண்டு அத்திகதியிலேதான் அவர்களுக்கென ஒரு நலவாரியத்தை அம்மாநில அரசு நிறுவியது. அதன் நினைவாக 2011இல் இந்நாள் அறிவிக்கப்பெற்றது. 2014ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 15இல், தம் பாலினம் இன்னதெனத் தாமே உரைக்கும் உரிமை அவர்க்கு உண்டென இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இதைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன இருக்கின்றது என நீங்கள் வினவலாம். எனக்கு இந்நாள் ஓர் இலக்கணப் பாடத்தையும், அப்பாடவேளையில் நான் இழைத்த தவறு ஒன்றையும் நினைவூட்டுகின்றது.

ஆண் எனப் பிறப்பிலே பதியப்பெற்றும், தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழ்பவர் திருநங்கையர். பெண் எனப் பதியப்பெற்றும், தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பியர். இச்சொற்கள் புதியன, ஆனால் அம்மாந்தர் நம்மிடையே புதியவர் அல்லர். தொல்காப்பியர், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டும் உயர்திணை முடிபே கொள்ளும் என விதித்தார். பின்வந்த நன்னூலார், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொள்ளச் சொன்னார். அஃறிணை போலவும் அவர்களைச் சொல்லலாம் என்று ஈற்றில் ஓர் இடமும் தந்தார். நம் ஊர்த்தெருக்கள் கற்றுக்கொண்டது அந்த ஈற்றடியை மட்டுமே போலும். 'அது போகிறது' என ஒரு மனிதப் பிறவியைச் சுட்டி நகைப்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்!

ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இந்நூற்பாக்களை விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு முழுவதும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பிள்ளை தலைகுனிந்தது. நான் அதட்டவில்லை, அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிட்டேன். சில வாரங்களில் வருகை இடாப்பிலே அப்பெயருக்கு நேரே வெற்றிடமே தொடர்ந்தது. பின்னர் பெயரையே வெட்டினோம். உயர்திணை என்று வாயாற் கற்பித்த நான், அத்திணைக்குரிய மதிப்பை அப்பிள்ளைக்கு அளித்தேன் அல்லேன்.

ஆசிரியர் ஒருவர் வாயில் திறந்தால் விளைவது யாது என்பதற்கும் சான்று உண்டு. மதுரையிற் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர்க் கிட்டப்பா பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்து பரதம் பயின்றார். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் சுற்றுநிருபத்தினால், பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வழி வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடே. ஆயினும் அச்சான்றிதழைப் பெறும் வயது வருமுன்னரே, வீட்டிலும் வகுப்பறையிலும் ஒரு பிள்ளையின் மனம் உடைந்துபோகலாம். அங்கே சுற்றுநிருபம் எட்டாது. பெற்றோரும் ஆசிரியருமே துணை நிற்றல் வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தன்னைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கினால், அடிக்கக் கை ஓங்குமுன் இறுதிவரை கேளுங்கள். ஆசிரியர்களே, வகுப்பு நகைக்கும்போது பாடத்தை நிறுத்துங்கள். ஒரு நூற்பா நாளைக்குப் பின்தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. இடாப்பில் ஒரு பெயர் தொடர்ந்து வெறுமையாய் இருப்பின், அவ்வீட்டுப் படலையைத் தட்டி விசாரியுங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை.