சும்மா நடந்து போறவ



படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பேரன் கொம்பியூட்டரில் ஜிடிஏ விளையாடுகிறான். பக்கத்தில் அம்மம்மா பாக்குச் சீவிக்கொண்டிருக்கிறா. திரையில் ஒரு பெண் ரோட்டோரமாகப் போகிறாள். பேரன் காரைத் திருப்பி அவள்மேல் ஏற்றுகிறான். விழுந்த இடத்தில் காசு கிடக்கிறது, இறங்கிப் பொறுக்குகிறான். அம்மம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "ஏன் மனே அந்த மனிசிய அடிச்சாய்? அவ உனக்கு என்ன செஞ்சவ?" பொடியன் சொன்னான்: "அவ ஆருமில்ல அம்மம்மா. சும்மா நடந்து போறவ."

அந்தப் பதில்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள்? அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தாய்மாரும் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்துக்குப் போய்க் கொல்லப்பட்ட குழந்தைகள்? கொன்றவனுடைய கண்ணுக்கு அவர்கள் எல்லோரும் 'ஆருமில்லை'.

"அது வெறும் விளையாட்டு ஐயா, விளையாடுகிறவன் கொலைகாரனாகவா போகிறான்?" என்று கேட்பார்கள். போவான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்த மாட்டேன். நான் கேட்பது ஒன்றே: வெறும் விளையாட்டென்றால் அதைச் செய்தவர்களே ஏன் கோடு கிழித்தார்கள்? 2011இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் பெரியவர்களை வெட்டிச் சாய்க்கலாம். குழந்தையைக் கொல்ல முடியாது. 2013இல் வந்து 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஜிடிஏ 5இன் நகரத்தில் குழந்தைகளே இல்லை. அசாசின்ஸ் கிரீட் ஆட்டங்கள் பலவற்றில் பொதுமக்களைக் கொன்றுகொண்டே போனால் ஆட்டம் எச்சரித்து உன்னை நிறுத்திவிடும். ஆக, கூச்சம் அவர்களுக்கும் உண்டு. குழந்தையைக் கொல்லக் கூசியவர்களுக்கு அதன் தாயை ரோட்டில் விட்டு, அவள் சாவுக்குக் காசும் வைக்க எப்படி மனம் வந்தது?

"கூத்தில் கொலை இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். உண்டு. நம் ஊர்களில் அபிமன்யு கதையை வடமோடிக் கூத்தாக விடிய விடிய ஆடுவார்கள். வில் முறிந்து, தேர் நொறுங்கி, தேர்ச்சில்லைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை தனியே நிற்கும். சுற்றி நிற்பவர்கள் மகாரதர்கள். போர்முறை மீறிய கொலை என்பது களரியைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவன் விழுந்ததும் யாரும் காசு பொறுக்குவதில்லை. அண்ணாவியாரின் மத்தளம் தணியும், பெற்றவர்கள் புலம்புவார்கள், பாயில் இருக்கும் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். கொலையைக் காட்டிய ஆட்டமே சாவுக்கும் அழுகிறது.

ஜிடிஏயில்? கொன்றால் பொலிஸ் துரத்தும், நட்சத்திரங்கள் ஏறும். ஒரு சந்துக்குள் சற்று நேரம் ஒளிந்திருந்தால் நட்சத்திரங்கள் போய்விடும். கணக்குத் தீர்ந்தது. செத்தவளைத் தேடி ஒரு தாய் வரமாட்டாள். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக அகதிமுகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களைத் தேடியே கிழவிகளாகிப்போன தாய்மாரைக் கண்ட ஊரில், தேட ஆளில்லாத சாவை நம் பிள்ளைக்கு விளையாட்டாகக் கொடுக்கலாமா?

தடை கேட்டு நான் வரவில்லை; தடை இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. இந்தியா 2020 செப்டெம்பர் 2 அன்று பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டைத் தடுத்தது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தரவும். சுடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாளைக்கு விளையாட்டுகளை எழுதப்போகும் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். எழுதுங்கள், சண்டையும் வையுங்கள். ஆனால் ஆயுதமில்லாதவரைக் கொன்றால் காசு விழக்கூடாது. கொன்றவன் ஒளிந்ததோடு கணக்குத் தீரக்கூடாது. செத்தவளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவராவது தேடி வரவேண்டும்.

தாய்மாரே, இன்றைக்கு இரவு பிள்ளை விளையாடும்போது போனைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். அவன் யாரையாவது அடித்தால், அந்த அம்மம்மா கேட்டதை நீங்களும் கேளுங்கள்.