மேட்டூர் நீரும் கண்மாய்ச் சேறும்

இன்றைய பயணத்தில் மூன்று நீர்நிலைகளுக்குப் போகிறோம். மூன்றும் நன்னீர்தான், மூன்றிலும் மீன்பிடி உண்டு. ஆனால் ஒன்றில் பழகிய கை அடுத்ததில் அப்படியே செல்லாது.

முதலில் மேட்டூர். சேலத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அணையையும் பூங்காவையும் பார்த்து, பூங்காவுக்கு வெளியே சுடச்சுட மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மீன் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால் கொளத்தூர் பக்கம் போய்ப் பண்ணவாடிப் பரிசல் துறையில் விடியற்காலையில் நிற்க வேண்டும். எதிரே தெரிவது நாகமரை, தருமபுரி மாவட்டம். நடுவில் கிடப்பது 1934-இல் கட்டி முடித்த அணை தேக்கி வைத்திருக்கும் காவிரி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிறைந்தால் ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டருக்குத் தண்ணீர் விரிந்துவிடும்.

இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும், ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மீன்பிடிக்கும் இதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. அடியில் இடிந்த சுவர், பாறை, மரத்தூர் என்று கிடக்கும் நீரில் இழுவலையைப் போட்டுக் கரைக்கு இழுக்க முடியாது, சிக்கிக் கிழிந்து போகும். அதனால் இங்கே வலை மீனைத் தேடிப் போவதில்லை. ஓரிடத்தில் தொங்கிக்கொண்டு மீன் வரும்வரை காத்திருக்கிறது. செவுள் வலை என்பது இதுதான். மீன் தலையை நுழைக்கும், உடம்பு நுழையாது. பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் பரிசலில் ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் வலையை மடிப்பு மடிப்பாக நீரில் இறக்குகிறார். விடியும்போது போய் எடுக்கிறார்கள். சொல்வதற்கு எளிது. எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

மீனின் வாயைப் பாருங்கள் என்பேன். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. ரோகு நடுத்தண்ணீரில் மேயும், அதன் உதடு ஓரத்தில் சுருக்கம் வைத்ததுபோல் இருக்கும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். மேலே மிதவையை அதிகமாக்கினால் வலை நீர்ப்பரப்பில் நிற்கும், கட்லா விழும். ஈயத்தைக் கூட்டினால் வலை தரையில் அமரும், மிர்கால் விழும். இத்தனைக்கும் கட்லா காவிரிக்குப் பிறந்த மீன் இல்லை. கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்று மேட்டூர் மீன் என்றாலே பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

வாளை இந்தக் கணக்கில் அடங்காது. பெரிய வாய், வரிசையாகக் கூர்மையான பல், பிற மீனைத் தின்று வளர்வது, இரவில் உலவுவது. அதற்கு உயிருள்ள சிறு மீனைத் தூண்டில் முள்ளில் கோத்து இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டும்.

கரையில் மூங்கில் கழியோடு உட்காரும் பையன்களுக்குக் கிடைப்பது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவில் பிறந்த மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. மண்புழு போதும், மைதா மாவு உருண்டை இருந்தாலும் போதும். தக்கை ஒரு முறை அமுங்கியதும் சுண்டிவிட வேண்டும், தாமதித்தால் இரையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கிறது என்பதால் இது எந்தக் குளத்தில் விழுந்தாலும் பெருகிவிடும்.

மேட்டூரைத் தாண்டிய காவிரியோடு பவானி ஊரில் பவானி ஆறு வந்து கலக்கிறது. அந்தத் தண்ணீரின் வழியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் குந்தா ஆறு, அதற்கும் மேலே நீலகிரியில் நம் இரண்டாவது இடமான அவலாஞ்சி ஏரி. இங்கே நாம் பார்த்த மேட்டூர் மீன்கள் பயன்படாது; குளிர் தாங்காது. அதனால் ஆங்கிலேயர்கள் டிரவுட் மீனை இங்கே கொண்டுவந்து பழக்கினார்கள். 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். டிரவுட் தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும், நீர்மேல் விழும் பூச்சியைத் தாவிக் கவ்வும். எனவே இறகையும் நூலையும் கொண்டு முள்ளின்மேல் பூச்சி கட்டி, எடையில்லாத அதை நீளக் கயிற்றின் வீச்சிலேயே நீரில் இறக்குகிறார்கள். அழகான வித்தைதான். அனுமதி பெற்றுத்தான் தூண்டில் போட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனக்கு இவற்றையெல்லாம் விட நெருக்கமானது மூன்றாவது இடம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்கள். வெயில் ஏறி, மடை வழியே கடைசித் தண்ணீரும் பாய்ந்து, முழங்கால் அளவு சேற்றுநீர் மிஞ்சும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரையில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அதற்கு முன் யாரும் காலை நனைக்கக் கூடாது.

கையில் இருப்பது ஊத்தா. மூங்கில் சிம்பால் பின்னிய கூடை; அடி அகலம், மேலே கை நுழையும் அளவுக்கு வாய், இரண்டு பக்கமும் திறப்பு. சட்டென்று சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே சிக்கியது கிடைக்கும். கெளுத்தி இருந்தால் முள் குத்திவிடும், பார்த்துத் துழாவ வேண்டும். நூற்றுக்கணக்கான கால்கள் கலக்கிய நீரில் மீன் மூச்சுத் திணறி மேலே வரும் என்பதால்தான் எல்லோரும் சேர்ந்து இறங்குவது. தனியாள் இறங்கினால் நீர் அவ்வளவு கலங்காது. கச்சா வலை, பறி போன்ற வேறு கருவிகளைக் கொண்டு வருபவர்களும் உண்டு. கிடைத்ததை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பார்கள். இப்படிப் பிடித்தால் அடுத்த பருவத்தில் மழை பெய்து கண்மாய் நிறையும் என்பது நம்பிக்கை.

கண்மாயின் ராஜா விரால். செவுளால் மட்டுமின்றிக் காற்றையும் நேராகச் சுவாசிக்கத் தெரிந்த மீன், ஈரச் சேற்றுக்குள் புதைந்தும் நாள்களைக் கடத்தும். தண்ணீர் இருக்கும் காலத்தில் அதைப் பிடிக்க அல்லி இலைகளுக்கு நடுவே தவளையைத் துள்ளவிட வேண்டும். முன்பு நிஜத் தவளை, இப்போது கடையில் விற்கும் ரப்பர் தவளை. விரால் பாய்ந்ததும் இழுக்கக் கூடாது. கவ்வி உள்ளே கொண்டுபோக நேரம் கொடுத்துப் பிறகு சுண்ட வேண்டும்.

இதில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் நீரின்மேல் செந்நிறமாக ஒரு கொத்துக் குஞ்சுகள் கூடி மேலெழுவதையும் அமிழ்வதையும் பார்ப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். அவற்றின் அடியிலேயே பெற்ற மீன் காவல் நிற்கும். அங்கே தவளையை வீசினால் உடனே பாய்ந்து கவ்வும், குஞ்சுகளைக் காக்கத்தான் அப்படிப் பாய்கிறது. இது தெரிந்து வேண்டுமென்றே அங்கே வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். காவல் போனால் அந்தக் கூட்டத்தைக் கெண்டையும் கொக்கும் தின்று தீர்த்துவிடும். ஆகவே நேயர்களே, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கரையில் வேறு இடம் பாருங்கள்.