குருதித் தட்டணுவும் பி உயிர்ச்சத்தும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் மருத்துவம் பேசப் புகுந்தது ஏனென்று சிலர் ஐயுறலாம். மருந்தென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவனார் நூலைக் கற்பிப்பார்க்கு உடல்நலம் பேசுதல் புறம்பாகாது. நிற்க.

நம் குருதியில் செவ்வணு, வெள்ளணு, தட்டணு என மூவகை உள. அவற்றுள் மிகச் சிறியது தட்டணு. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் இயல்பு. உடைப்பெடுத்த ஏரிக்கரையை ஊரார் திரண்டு மண்ணிட்டு அடைத்தல்போல, காயம்பட்ட இடத்தில் இவை திரண்டு ஒட்டிக் குருதியொழுக்கைத் தடுக்கின்றன. இத்தொழிலை இத்தாலிய அறிஞர் பிட்சொசெரோ 1882-இல் விளக்கினார். தட்டணுவின் வாழ்நாள் ஏறக்குறைய 7 முதல் 10 நாளே. ஆதலின் எலும்பு மச்சை ஓய்வின்றிப் புதியன படைத்தல் வேண்டும்.

அப்படைப்பிற்கு இன்றியமையாதவை ஃபோலிக் அமிலமும் பி12-உம் ஆகிய பி உயிர்ச்சத்துக்கள். இவை குறையின் செவ்வணுக்கள் பருத்துத் தொகையிற் குறைந்து சோகை தோன்றும். குறை முற்றினால் வெள்ளணுவும் தட்டணுவும் குறையும். தட்டணுக்கள் திரளும் திறன் தளர்தலையும் ஆராய்ச்சியாளர் சில நோயாளரிடம் கண்டுள்ளனர்.

இவ்வுண்மைக்கு வழி திறந்தவர் லூசி வில்ஸ் அம்மையார். 1928-இல் பம்பாய்க்கு வந்த இவ்வாங்கில மருத்துவர், பஞ்சாலைத் தொழிலாளரான வறிய கருப்பவதிகளைக் கொடிய சோகை வாட்டக் கண்டு, அவர்தம் உணவை ஆராய்ந்தார். அத்தகைய உணவால் குரங்குகட்குச் சோகை உண்டாக்கி, மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாற்றால் அதனை நீக்கினார். கருப்பவதிகளும் அச்சாற்றினால் குணமெய்தினர். 1931-இல் அம்முடிபு வெளியாயிற்று. அச்சாற்றின் மருந்துப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவும் அவர் குழுவினரும் 1945-இல் அமெரிக்காவில் அதனைச் செயற்கையாய் ஆக்கினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பி12 குறைந்தார்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் ஈந்தால் குருதி தேறியதுபோற் காட்டும். நரம்புக் கேடோ உள்ளே வளரும். மேலும், தட்டணுக் குறைவு டெங்குக் காய்ச்சல் முதலிய வேறு காரணங்களாலும் வரும். ஆகவே தாமே மருந்து தேர்ந்துண்ணாது, குருதியைச் சோதிப்பித்து மருத்துவர் சொற்படி நடத்தலே அறிவுடைமை.

ஃபோலிக் அமிலம் கீரையிலும் பயறுவகைகளிலும் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி கழிந்துபோம். பி12 மரக்கறியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. மரக்கறியுணவினர் இதனை மறத்தலாகாது.

அன்பர்களே! நம் இல்லங்கள் பலவற்றில் ஆடவரும் சிறாரும் உண்டெழுந்த பின்னரே பெண்டிர் உண்கின்றனர். அப்போது கீரையும் தயிரும் தீர்ந்து, அடிச்சோறும் இரசமுமே எஞ்சுகின்றன. இதனைப் பொறுமையென்று நாம் புகழ்கிறோம். அப்பொறுமை அவர்தம் குருதியையன்றோ குறைக்கின்றது? குருதி குன்றிய தாய்க்குப் பிள்ளைப்பேற்றின்போது நேரும் குருதியிழப்பு உயிர்க்கே இறுதியாகலாம்.

வளைகாப்பிற்கு மனமுவந்து செலவிடும் நாம், அச்செலவிற் சிறுபகுதியைக் குருதிச் சோதனைக்கும் பாலுக்கும் கீரைக்கும் ஒதுக்குவோமாக. இன்றிரவு முதலே கருவுற்ற மகளிர்க்கு முதற்பந்தியில் இலை போடுக. இஃதொன்றே யாம் வேண்டுவது.